அரசின்மையும் உடைமையும்: திண்டுக்கல் வட்டாரச் சர்வோதய மரபை முன்வைத்து ஓர் அறிமுகம்

முன்னுரை

தமிழில் 'அராஜகம்' என்ற சொல் சட்டமின்மையையும் வன்முறையையுமே பெரிதும் குறிக்கிறது. அனார்க்கிசம் என்னும் அரசியல் கோட்பாட்டை இக்கட்டுரை 'அரசின்மைவாதம்' என வழங்குகிறது. அரசை மறுக்கும் பிறிதொரு கோட்பாடு அரசற்ற முதலாளியம். மறுப்பில் ஒன்றுபடுவதால் இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதுண்டு. இவற்றின் அடிப்படை முரண் உடைமை பற்றியது என்பதைத் திண்டுக்கல் வட்டாரச் சர்வோதய மரபின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

இரு கோட்பாடுகள்

புரூதோன் 1840இல் வெளியிட்ட 'சொத்து என்றால் என்ன?' என்னும் நூலில், உழைப்பவரின் அனுபோகத்தையும், உழைக்காமலே வாடகையும் வட்டியும் பெறச்செய்யும் உடைமையையும் வேறுபடுத்தினார். முன்னதை ஏற்றுப் பின்னதை மறுத்தார். அமெரிக்கரான மர்ரே ராத்பார்டோ, 1973இல் வெளியான தம் நூலில், தனியுடைமையை இயற்கை உரிமையாகக் கொண்டு, காவலும் நீதியும் சந்தையில் விலைக்குக் கிடைக்கும் சேவைகளாகலாம் என்றார். அபகரித்த நிலத்துக்கு உரிமையில்லை என்பதை அவரும் ஏற்கிறார். ஆயினும் முறையாகப் பெற்ற நிலத்தின் குத்தகையை அவர் அதிகாரமாகக் கருதுவதில்லை. நிலம் சிலரிடம் குவிந்த இடத்தில் காவலை விலைக்கு வாங்குவோரும் அவர்களே. அங்கு ஒவ்வொரு பெரும்பண்ணையும் ஒரு சிற்றரசாகும் என்பது அரசின்மைவாதிகளின் மறுப்பு.

சர்வோதய மரபு

காந்தியடிகள் 1916இல் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழா உரையில், தாமும் வேறு வகையிலான ஓர் அராஜகவாதியே என்றார். இம்மரபில் வந்த வினோபா 1951இல் பூதானத்தைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த கிராமதானத்தில் நில உடைமை ஊர்ச்சமுதாயத்தைச் சேரும். உழும் உரிமை குடும்பங்களிடம் நிற்கும். புரூதோனின் வேறுபாட்டுக்கு இது மிக நெருக்கமானது.

1947இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே நிறுவிய காந்திகிராமம் இம்மரபின் நிலைக்களன்களுள் ஒன்று. திண்டுக்கல் வட்டாரத்து அய்யன்கோட்டையிற் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவர்தம் கணவர் ஜெகந்நாதனும் பூதானப் பணியில் ஈடுபட்டனர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் பின்னணியில், 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் இருவரும் கீழைத் தஞ்சைக்குச் சென்றனர். அங்கு நிலமும் அடியாட்பலமும் ஒரே கையில் இருந்தன; அரசும் உழைப்பவரைக் காக்கவில்லை.

1981இல் அவர்கள் தொடங்கிய லாப்டி, நிலவுடைமையாளரிடம் பேசி, வங்கிக் கடன் உதவியுடன் நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பதிந்தது. பூதான நிலத்துக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. அதன்படி நிலம் பெற்றவர் அதை விருப்பம்போல் விற்க இயலாது. இவ்வாறு அரசை ஐயுற்ற இயக்கம் அரசையும் சந்தையையும் ஒருசேரக் கையாண்டது. இது அம்மரபின் தீராத இடர்ப்பாடு. எனினும் சந்தையைக் கருவியாக்குவதும் அதனையே நீதியின் அளவுகோலாக்குவதும் வேறு வேறு.

முடிவுரை

அரசு நீங்கியபின் நிலம் யாரிடம் இருக்கும் என்ற வினாவில் இரு கோட்பாடுகளும் பிரிகின்றன. சர்வோதயத்தை 'அரசு எதிர்ப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் வகைப்படுத்தும் ஆய்வுகள் இவ்வினாவைத் தவறவிடுகின்றன. கிராமதான ஊர்களின் நிலப்பதிவேடுகளை இந்நோக்கில் பயில்வது அடுத்தகட்ட ஆய்வுக்குரியது.