மழையைச் சேர்த்துவைக்கும் ஏடுகள்

கோவில்பட்டி, கடம்பூர் வட்டாரக் கரிசல் காட்டில் பெய்த மழையை 'ஓர் உழவு மழை' என்று நிலத்தின் ஈரத்தைக் கொண்டே அளப்பது பழைய வழக்கம். ஏர் பூட்டுவதற்கு அந்த அளவு போதுமென்றாலும், ஓர் ஊரின் மழையை வேற்றூர் மழையோடும், இவ்வாண்டு மழையைப் பாட்டன் காலத்து மழையோடும் ஒப்பிட அது உதவுவதில்லை. சென்னை வானாய்வகம் 1796 முதலே வானிலைக் குறிப்புகளை எழுதிவந்தபோதிலும், 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866இலும் 1871இலும் பொய்த்த பருவமழையும் கண்ட பின்னரே, நாடெங்கும் ஒரே முறையில் அளந்து ஓரிடத்தில் சேர்க்க 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஹென்றி பிளான்ஃபோர்டின் பொறுப்பில் தொடங்கப்பட்டது.

இச்சேமிப்பின் அடிப்படைக் கருவி, சைமன்ஸ் மழைமானி. 127 மில்லிமீட்டர் விட்டமுள்ள புனலில் விழும் மழைநீர், வெயிலில் ஆவியாகாதபடி உள்ளிருக்கும் குறுகிய வாய்ப் புட்டியில் இறங்குகிறது. அதனைப் புனல் வாயின் பரப்புக்கேற்பக் கோடிடப்பட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றினால், தரையில் ஓடாமலும் ஊறாமலும் நின்றிருந்தால் எவ்வளவு உயரம் நின்றிருக்குமோ அந்த உயரம் தெரியும். ஒரு மில்லிமீட்டர் என்பது அற்பமான அளவன்று. ஓர் ஏக்கரில் அது ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர். காலை 8.30 மணிக்கு அளப்பது இந்தியாவில் நடைமுறையாதலால், முந்தைய இரவு கொட்டிய மழையும் அளந்த நாளின் கணக்கிலேயே சேரும். பழைய ஏடுகளைப் படிப்போர் இதை மறக்கலாகாது.

வெயிலைப் பதிய வேறொரு கருவி உண்டு. கேம்பெல் 1853இல் அமைத்து, ஸ்டோக்ஸ் 1879இல் திருத்திய அதில், கண்ணாடி உருண்டை குவிக்கும் ஒளி அட்டையைத் தீய்த்துச் செல்ல, மேகம் மறைத்த நேரமெல்லாம் தீயாத இடைவெளியாக எஞ்சுகிறது. அதாவது வெயிலே தன் வருகையை எழுதுகிறது.

இவ்வாறு சேர்ந்த பதிவுகள் இன்று புணேயிலுள்ள தேசியத் தரவு மையத்தில் காக்கப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலத்துக்கு இவை உயிரானவை. ஏனெனில் மழை எந்த வாரத்தில் தொடங்கக்கூடுமென்பதைப் பல்லாண்டுப் பதிவுகளே காட்டும். 1901இல் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்ட கோவில்பட்டிப் பகுதியில், மழைக்கு முன்பே உலர்ந்த கரிசலில் சோள விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இடும் முன்பருவ விதைப்பு அந்தக் கணக்கின்மேல் நிற்கிறது; சிறு தூறல் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காதாகையால், நல்ல மழை பெய்யும்வரை விதை முளைவிடாமல் காத்துக்கிடக்கும்.