சதீஷ் குஜ்ரால்: கட்டிவிட்டு வரைந்தவர்

டெல்லியின் துவாரகாவில் யாரிடமாவது "உங்க சொசைட்டியை டிசைன் பண்ணின ஆர்க்கிடெக்ட் யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பில்டர் பெயர் வரும், பழைய செக்ரட்டரி பெயர் வரும், லிஃப்ட் கம்பெனி பெயர்கூட வரும். ஆர்க்கிடெக்ட் பெயர் மட்டும் வராது. பப்பன்கலான் என்றிருந்த நிலத்தை டெல்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ. செக்டர் செக்டராக வகுத்துக் கூட்டுறவு சங்கங்களுக்குக் கொடுத்தபோது, தலைக்கு மேல் கூரை கிடைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள்.

இதே டெல்லியில், சாணக்கியபுரியில் இருக்கும் பெல்ஜியம் தூதரகத்தைக் காட்டுபவர்கள் கட்டியவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அதை வடிவமைத்த சதீஷ் குஜ்ராலிடம் கட்டிடக்கலைப் பட்டமே கிடையாது. அவர் ஓவியர்.

1925இல் ஜீலத்தில் பிறந்தவர். எட்டு வயதுவாக்கில் காது கேட்காமல் போனது. லாகூரிலும் பம்பாயிலும் ஓவியம் படித்தார், பிரிவினையின் கொடுமையைக் கண்ணால் கண்டார். அக்காலத்து ஓவியங்களில் தலையோடு கால் துணி சுற்றிய பெண்கள், முகத்தை மூடும் கனத்த கைகள். ஓலம் கேட்காத மனிதர் ஓலத்தை வரைந்திருக்கிறார். அதனால்தானோ என்னவோ, துயரமெல்லாம் முதுகின் வளைவிலும் விரல்களின் முறுக்கிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

1952இல் உதவித்தொகையில் மெக்சிகோ போனார். தியேகோ ரிவேராவும் சிக்கேரோஸும் பொதுச்சுவரில் வரைந்துகொண்டிருந்த ஊர் அது. திரும்பி வந்தவரின் கை சட்டத்துக்குள் அடங்கவில்லை. டெல்லி உயர்நீதிமன்ற வெளிச்சுவரில் எழுத்துகளைக் கொண்டு அவர் செய்த சுவரோவியம் இன்றும் இருக்கிறது. ஆனால் சுவரோவியக்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சுவர் இன்னொருவருடையது; ஜன்னல் எங்கே, வெயில் எங்கே என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிடும். சுவரையே தானே எழுப்பிவிடுவது என்று அவர் துணிந்தது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. இடையில் மரத்தை எரித்துக் கருக்கி, சோழியும் மணியும் பதித்துச் சிற்பங்கள் செய்தார். பிறகு வந்தது தூதரகம்: பூசாத செங்கல், வளைவுகள், குவிமாடங்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆயிரம் சிறந்த கட்டிடங்களில் ஒன்றாகச் சர்வதேசக் கட்டிடக்கலைஞர் குழு ஒன்று அதைத் தேர்ந்தது. பெல்ஜியம் தன் 'ஆர்டர் ஆஃப் தி கிரௌன்' விருதை அவருக்குக் கொடுத்தது. பட்டம் பெற்ற ஆர்க்கிடெக்டுகளில் சிலருக்கு அது கசந்திருக்கும், கசக்கட்டும்.

கட்டிடங்களுக்குப் பின் மறுபடி கான்வாஸ். கழைக்கூத்தாடிகள், வாத்தியக்காரர்கள், குதிரைகள், பளிச்சென்ற நிறங்கள். எழுபது வயதுக்கு மேல் ஆஸ்திரேலியாவில் செய்த அறுவை சிகிச்சையில், 62 வருடங்களுக்குப் பிறகு ஒலியும் திரும்பியது. அலங்காரம் கூடிவிட்டது என்று இந்தப் படங்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. என் நெஞ்சில் நிற்பதும் பிரிவினைப் படங்களின் பழைய கறுப்புதான். ஆனால் பிற்கால உருவங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஓர் உடல் இன்னோர் உடலைத் தாங்குகிறது, தோள் உத்தரமாகிறது, பாரம் எங்கே இறங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து வரைந்திருக்கிறார். 1950களின் படங்களில் மனிதர்கள் சரிந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் அடுக்கி நிறுத்தப்பட்டவர்கள். நடுவில் செங்கல்லோடு புழங்காமல் அந்தக் கணக்கு கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

2020 மார்ச் 26 அன்று காலமானார். தூதரகத்துக்குள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள், மதிலுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இந்தியா கேட் பக்கம் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் அவர் படங்கள் உண்டு. துவாரகாவிலிருந்து புளூ லைனில் மண்டி ஹவுஸ் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். திங்கள்கிழமை விடுமுறை.