நரம்பைக் காட்டும் காந்தம்

பைக்கிலிருந்து விழுந்தவரின் தோள் தரையில் மோதுகிறது. கழுத்து மறுபக்கம் வெடுக்கென்று சாய்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் கீறல்கூட இல்லை. ஆனால் கை துவண்டு தொங்குகிறது. சட்டைப் பொத்தானைப் போட விரல் மடங்குவதில்லை.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் ஐந்து நரம்பு வேர்களின் பின்னல் இழுபட்டிருக்கிறது. எந்த இடத்தில் அறுந்தது என்பதுதான் கேள்வி. தண்டுவடத்திலிருந்தே வேர் பிய்ந்திருந்தால், பெரும்பாலும் வேறொரு நரம்பைத் திருப்பிவிட வேண்டும். சற்று வெளியே அறுந்திருந்தால், காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டை வைத்து இணைக்கலாம். அந்த இடத்தைத் தேடிக் காட்டுவதே எம்.ஆர். நியூரோகிராபி.

இதற்குத் தனி எந்திரம் கிடையாது, எம்.ஆர்.ஐ.தான். நரம்பைச் சூழ்ந்த கொழுப்பு படத்தில் பளிச்சென்று வெளுத்து நரம்பை மறைத்துவிடும். அந்தக் கொழுப்பின் ஒளியை அடக்கி, நரம்புக்குள் இருக்கும் நீரை எடுத்துக் காட்டுவதுதான் உத்தி. அடிபட்ட நரம்பு நீர்கோத்துத் தடித்து, இன்னும் வெள்ளையாகத் தெரியும். ஆய்வாளர் ஏரன் ஃபில்லரும் சகாக்களும் 1993இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த உத்தியை வெளியிட்டார்கள்.

இந்தப் படத்துக்குச் செலவு ஏன் கூடுகிறது? சில மில்லிமீட்டரே தடிமனுள்ள நரம்பைத் தெளிவாகப் பிடிக்க 3 டெஸ்லா காந்தம் சிறந்தது. அது பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 60,000 மடங்கு. காந்தச் சுருளைத் திரவ ஹீலியம் மைனஸ் 269 டிகிரியில் குளிர்வித்தபடி இருக்க வேண்டும். நுணுக்கமான படம் என்பதால் நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். அதைப் படித்துச் சொல்லப் பழகிய கதிரியக்க மருத்துவரும் வேண்டும். இவையெல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைவது பெரும்பாலும் பெருநகரங்களில்தான்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு விரல் மரத்துப்போனால், நரம்பு மின்சோதனையும் அல்ட்ராசவுண்டும் பெரும்பாலும் போதும். "இந்தப் படம் என் சிகிச்சையை மாற்றுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றாது என்றால் பணம் மிச்சம்.

மாற்றும் என்றால் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு வளர்வது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். தோளிலிருந்து உள்ளங்கைக்கு அறுநூறு மில்லிமீட்டருக்கும் மேல். நரம்பில்லாமல் ஒன்றரை ஆண்டு கிடந்த தசை பெரும்பாலும் மீள்வதில்லை. அதனால்தான் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுகிறார்கள். கை அசையாமல் இருக்கும்போது, எலும்பு முறியவில்லை என்ற ஆறுதலோடு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.