கவுன்சலிங் என்றால் சேர்த்து வைப்பதா? குடும்ப வன்முறையும் மனநல உதவியும்

தலைவலி, தூக்கமின்மை, பைக் சத்தம் கேட்டாலே படபடப்பு. வீட்டில் அடியும் வசவும் வாங்கும் பெண்கள் டாக்டரிடம் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். அடிக்கிறார் என்று சொல்வது அபூர்வம். ஸ்ரீரங்கம் மாதிரி வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய தெருக்களில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எல்லாமே கேட்கும். ஆனாலும், “அது அவங்க குடும்ப விஷயம்.”

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

அடித்தால்தான் வன்முறையா? இல்லை. 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, குழந்தை இல்லையென்று குத்திக்காட்டுவதும் வன்முறையே.

சரி, கவுன்சலிங் போனால் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்றுதானே சொல்வார்கள்? பலர் போகாமல் இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். கோர்ட் அனுப்பும் கவுன்சலிங்குக்கு விதிகள் இருக்கின்றன. வன்முறை மறுபடி நடக்காது என்ற உறுதியைப் பெறுவதுதான் அதன் நோக்கம். “அவ அப்படிப் பேசினா, அதான் அடிச்சேன்” என்று கணவர் அங்கே நியாயம் பேசவே முடியாது. பெண் விரும்பாமல் சமரசமும் கிடையாது. இதெல்லாம் 2006 விதிகளிலேயே இருக்கிறது. எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மனசுக்கான சிகிச்சை வேறு. அதற்குப் புகாரோ வழக்கோ தேவையில்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்ததே திருச்சிக்குத்தான், 1997-ல். புத்தூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்க்கலாம். ‘சகி’ ஒன் ஸ்டாப் சென்டரில் கவுன்சலிங், சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் எல்லாம் இலவசம்.

போன் போதுமென்றால், மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ்), வன்முறைக்கு 181. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும்.

தோழி உங்களிடம் சொன்னால் முதலில் கேளுங்கள். “ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?” என்று மட்டும் வேண்டாம். அவர் போன் கணவர் கையில் போகுமென்றால் உங்கள் போனைக் கொடுங்கள். அவர் போனிலிருந்தே பேசினால் கால் ஹிஸ்டரியை அழித்துவிடச் சொல்லுங்கள்.