வாசலில் நிற்கும் 144

பெட்டியின் மேல் 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. பிரித்துப் பழைய கம்ப்யூட்டரில் மாட்டினால், செட்டிங்ஸில் 60-க்கு மேல் ஒரு எண்ணும் தெரிவதில்லை. திருத்தணி போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் அலைச்சல். மானிட்டரை ஆன்லைனில் வாங்கிவிடலாம். கிராபிக்ஸ் கார்டை நேரில் பார்த்து, பேரம் பேசி வாங்க வேண்டுமென்றால் மின்சார ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். "கார்டு பழசு தம்பி, மாத்திடுங்க" என்று யாராவது சொன்னதும் பணத்தை எடுத்து வைப்பவர்கள் நிறைய. பணத்தை எடுப்பதற்கு முன் கார்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் சுமார் 16.7 மில்லி நொடி நிற்கும். 144-இல் 7 மில்லி நொடிக்கும் குறைவு. வேகமாக ஓடும் பொருளைக் கண் பின்தொடரும்போது, அதிக நேரம் நிற்கும் படம் இழுபட்டு மங்கலாகத் தெரியும். 144-இல் அந்த மங்கல் குறைகிறது. கேம் ஆடாதவர்கள்கூட மவுஸை அசைத்தாலே வித்தியாசத்தை உணர்கிறார்கள்.

60 என்ற எண் அமெரிக்க மின்சாரத்திலிருந்து வந்தது. அங்கே மின்னோட்டம் நொடிக்கு 60 சுற்று. தொலைக்காட்சியும் அதை ஒட்டியே அமைந்தது. நம் மின்சாரம் 50 சுற்று என்பதால் தூர்தர்ஷன் நொடிக்கு 25 முழுப் படங்களை, பாதி பாதியாகப் பிரித்து 50 தடவை அனுப்பியது. கம்ப்யூட்டர் திரை மட்டும் உலகம் முழுக்க 60-ஐப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்கள் 85 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் ஓடின. 60-இல் அவை கண் கூசும்படி மினுங்கும் என்பதால் அந்த வேகம் தேவைப்பட்டது. அன்றைய கார்டுகள் விஜிஏ என்ற அனலாக் இணைப்பின் வழியாக அதைச் சிரமமில்லாமல் அனுப்பின. பழைய கார்டுக்கு வேகம் தெரியாது என்று சொல்வது அவற்றுக்குச் செய்யும் அநியாயம். டிஜிட்டல் கேபிள் வந்த பிறகுதான் கட்டுப்பாடும் வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 60 படம் என்றால் ஏறத்தாழ 300 கோடி பிட். 144 படம் என்றால் 717 கோடி. இதோடு முடிவதில்லை. ஒவ்வொரு வரிக்குப் பிறகும், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். குழாய் மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை வரியின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்ப அவகாசம் வேண்டியிருந்தது. அந்த வழக்கம் தட்டைத் திரைகளிலும் சுருங்கிய வடிவில் தொடர்கிறது. அதையும் சேர்த்தால் 144 ஹெர்ட்ஸுக்கு நொடிக்குச் சுமார் 800 கோடி பிட் கேபிளில் போயாக வேண்டும்.

2002-இல் வந்த முதல் எச்டிஎம்ஐ வழியில் போகக்கூடியது ஏறக்குறைய 396 கோடி. 60 ஹெர்ட்ஸ் தாராளமாகப் போகும்; 144-க்கு இடமே இல்லை. எச்டிஎம்ஐ 1.3, 1.4 தலைமுறையில் அந்த அளவு 816 கோடி. ஏட்டில் 144-க்கு இது போதும், ஆனால் நூலிழை. அதனால்தான் பல மானிட்டர்கள் எச்டிஎம்ஐ 1.4 வழியாக 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. 2010-இல் வந்த டிஸ்ப்ளே போர்ட் 1.2 மட்டும் 1,728 கோடி வரை தாங்கும். அதே கார்டு, அதே மானிட்டர், பக்கத்துத் துளையில் கேபிளை மாற்றிச் செருகினால் 144 வந்துவிடும். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி முருகன் மலைக்கு எத்தனை ஆயிரம் காவடிகள் வந்தாலும், ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் சந்நிதிக்குப் போகலாம் என்பதை வாசலின் அகலம்தான் முடிவு செய்கிறது. உள்ளே வரையும் சிப்புக்குத் தெம்பு இருந்தாலும், வெளியே போகும் வழி குறுகலாக இருந்தால் படங்கள் வரிசையில் நிற்கும்.

வாங்கிய ஆண்டை வைத்து எடை போடுவதும் ஏமாற்றும். 2016-இல் கடைக்கு வந்த என்விடியாவின் ஜிடி 710 கார்டின் உள்ளே இருப்பது 2012-ஐச் சேர்ந்த கெப்ளர் வடிவமைப்பு. அதன் எச்டிஎம்ஐ 1.4 வகை. அதற்கு ஓராண்டு முன்பே வந்த ஜிடிஎக்ஸ் 960-இல் எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறது, டிஸ்ப்ளே போர்ட்டும் இருக்கிறது. பில்லில் புதிதாகத் தெரிவதுதான் இங்கே பழசு.

கன்வெர்ட்டர்களில் இன்னும் கவனம் வேண்டும். டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் மலிவான சாதாரண வகை, முதல் எச்டிஎம்ஐ-யின் அளவைத்தான் தாங்கும். கார்டும் மானிட்டரும் நன்றாக இருந்தும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு துண்டு 60-இல் பிடித்து நிறுத்திவிடும். டிவிஐ உள்ள கார்டு என்றால் துளையின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கேயும் இடைவெளியில்லாமல் ஊசித்துளைகள் இருந்தால் அது இரட்டை இணைப்பு. 144 ஹெர்ட்ஸை அனுப்ப வல்லது. நடு ஊசிகள் இல்லாத கேபிளை அதில் செருகினால் பாதி வழி அடைபட்டுவிடும்.

திரை பெரிதானால் கணக்கும் மாறும். 2560-க்கு 1440 திரையை 144-இல் ஓட்ட சுமார் 1,400 கோடி பிட் வேண்டும், எச்டிஎம்ஐ 1.4-ஆல் ஆகாது. 4கே திரைக்கு அதே 144 வேண்டுமென்றால் 3,100 கோடியைத் தாண்டும். டிஸ்ப்ளே போர்ட் 1.4-உம் அதைத் தாங்காது. படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி என்ற உத்தி வேண்டும். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் அது இல்லை, 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் இருக்கிறது. இங்கே மட்டும் "கார்டை மாத்துங்க" என்ற பதில் சரியான பதில்.

அனுப்புவது ஒன்று, வரைவது இன்னொன்று. டெஸ்க்டாப்பில் 144 வந்துவிட்டது என்பதற்காக கேமிலும் நொடிக்கு 144 படத்தை அந்தக் கார்டு வரைந்துவிடாது. 40 படம் வரையும் கார்டு 40-தான் வரையும். வரையும் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாதபோது படம் குறுக்கே கிழிந்தது போலத் தெரியும். திரையே கார்டுக்காகக் காத்திருக்கும் அடாப்டிவ் சிங்க் இதற்குத் தீர்வு. என்விடியா 2019 ஜனவரியில் அதைத் தன் கார்டுகளுக்குத் திறந்துவிட்டபோது ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்துதான் கொடுத்தது. 960 வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கேமின் தரத்தைக் குறைத்து ஆடலாம். பழைய, இலகுவான கேம்களை அப்படி 100 படத்துக்கு மேல் ஓட்ட முடியும், அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டு தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டும் முறையைக் கைவிட்டது. அந்த வேலையில் இருந்த கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஆர்எக்ஸ் 580-க்கு எச்டிஎம்ஐ 2.0-உம் டிஸ்ப்ளே போர்ட் 1.4-உம் உண்டு. அதன் விசிறியும் நினைவகமும் நல்ல நிலையில் இருந்தால் 144-க்குப் போதுமான கார்டு. பி106-100 என்ற கார்டை மட்டும் விலையைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம். அது சுரங்க வேலைக்கென்றே செய்தது. மானிட்டரைச் செருக அதில் ஒரு துளைகூடக் கிடையாது.

கடைசியாக வெயில். கடற்காற்று உள்ளே வந்து சேரத் தாமதமாகும் ஊர் திருத்தணி. கோடையில் வானிலை மையத்தின் வெப்பப் பட்டியலில் வேலூரோடு சேர்ந்து அடிக்கடி இடம்பெறும். 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கார்டைக் குளிர்விக்க முடியாது. வேலை இல்லாத நேரத்தில் கார்டு தன் நினைவகத்தின் வேகத்தைக் குறைத்து ஓய்வெடுக்கும். அந்த வேகத்தை மாற்ற, இரண்டு படங்களுக்கு நடுவே விடும் அந்த இடைவெளியைத்தான் அது பயன்படுத்துகிறது. 144-இல் இடைவெளி குறுகிவிடுவதால் சில பழைய கார்டுகளால் வேகத்தைக் குறைக்கவே முடிவதில்லை. வெறும் டெஸ்க்டாப் திறந்திருக்கும்போதும் முழு வேகத்தில் ஓடிச் சூடேறும். மே மாதத்தில் ஒன்றும் செய்யாமலே விசிறி இரைகிறது என்றால் செட்டிங்ஸில் 120-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இடைவெளி கொஞ்சம் நீளும், நினைவகம் அடங்கும். கேம் திறக்கும்போது 144-க்கு மாற்றிக்கொள்ளலாம்.