எங்க வீட்டு முழங்கால்!

"தம்பி, நடுவுல இருக்கிற இந்த ஒத்தைச் சுவரை மட்டும் எடுத்துட்டா கடை பளிச்சுனு ஆயிடும். வாடகையில கூட ரெண்டாயிரம் போட்டுத் தர்றேன்!"

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பவர் இப்படிச் சொன்னதும், அப்பா முகத்தில் பல்பு எரிந்தது. 1988-ல் பி.எஃப். பணத்தையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு. கீழே முழுக்கக் கடை, மேலே ரெண்டு மாடி. தம்பி கல்யாணத்துக்குள் மூணாவது மாடியும் எழுப்பிவிட வேண்டும் என்பது அப்பாவின் ஐந்தாண்டுத் திட்டம்!

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் என் சிவில் இன்ஜினீயர் நண்பன். கல்வராயன் மலைக்குப் போய் மேகம் அருவியில் குளிக்க வந்தவன், வீட்டைப் பார்த்ததும் கையிலிருந்த காபியை மறந்து பில்லர்களைத் தட்ட ஆரம்பித்துவிட்டான்.

"அப்பா, எந்தச் சுவரையும் தொடாதீங்க. வீடு பொய்க்கால் குதிரை மாதிரி நிக்குது!"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "நம்ம ஊர்ல எந்தக் காலத்துலப்பா பூகம்பம் வந்துச்சு?"

நியாயமான கேள்விதான். ஆனால் 1900 பிப்ரவரி 8-ந் தேதி கோயமுத்தூர்ப் பக்கம் ரிக்டரில் சுமார் 6 அளவுக்கு ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25-ந் தேதி பாண்டிச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் ஓர் ஆட்டம். சென்னையில்கூட ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 2002-ல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை 2-ம் மண்டலத்திலிருந்து 3-ம் மண்டலத்துக்குத் தூக்கிப் போட்டார்கள்.

சரி, அது என்ன பொய்க்கால் குதிரை?

மறுநாள் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனபோது விளங்கியது. ஒரு வளைவில் டிரைவர் சடன் பிரேக் போட, என் கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் முன்சீட்டுக்காரர் மடியில்!

"இதான்டா பூகம்பம்" என்றான் நண்பன். "தரை திடீர்னு நகரும். மேல இருக்கிற கனம் நகர மாட்டேங்கும். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது முழங்கால். உங்க வீட்டுக்கு முழங்கால் எது தெரியுமா? கீழ்த்தளத்து பில்லர்!"

மாடியில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருப்பதால் அது ஒரே பெட்டியாக இறுகி நிற்கிறது. கீழே கடைக்காகவோ கார் நிறுத்தவோ சுவரே இல்லாமல் விட்டுவிடுகிறோம். ஆட்டம் முழுவதும் அந்தக் குச்சிக் கால்களில்தான் இறங்கும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் அருகே பூமி குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் இடிந்தன. அவற்றில் பல, கீழே கார் நிறுத்தத் திறந்து விட்டவை. அந்தப் பூகம்பத்தில் மாநிலம் முழுக்க 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

வழியில் புல் கூரை போட்ட பழைய மண்வீடு ஒன்றைக் காட்டினான். "கூரையில கனம் கம்மி, அடியும் கம்மி. நீங்க மூணாவது மாடி ஏத்தினா கனமும் ஏறும், அடியும் ஏறும்."

ஊர் திரும்பியதும் ஒரு பில்லரில் கொஞ்சம் பூச்சை உடைத்துப் பார்த்தான். உள்ளே நெட்டுக்கம்பியைச் சுற்றிய ரிங்குகள் ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று! முனையையும் 'ட' மாதிரி மடக்கி விட்டிருந்தார்கள். ஆட்டத்தில் இந்த ரிங்கு வாய் திறந்துகொள்ளும். கம்பி வெளியே பிதுங்கும், கான்கிரீட் நொறுங்கும். பில்லரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நாலு அங்குலத்துக்குள் ஒரு ரிங்கு வேண்டும், முனையை 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடக்க வேண்டும் என்று விளக்கமான விதி வந்ததே 1993-ல்தான். மேஸ்திரியைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

"இடிச்சுட்டுக் கட்டணுமாப்பா?" என்றார் அப்பா, குரல் கம்மி.

"எதுக்கு? முழங்காலுக்குக் கட்டுப் போட்டாப் போதும்!"

இருக்கிற கான்கிரீட் கட்டடத்தைச் சோதித்து வலுவூட்டுவதற்கென்றே 2013-ல் 15988 என்ற எண்ணில் இந்தியத் தர வழிகாட்டி வந்திருக்கிறது. முதலில் சோதனை, கணக்கு. பிறகு பூச்சைக் கொத்தி, பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பி, நெருக்கமான ரிங்கு, நாலு பக்கமும் நாலு அங்குலக் கான்கிரீட். இதற்கு 'ஜாக்கெட்' என்று பெயர்! கம்பி அஸ்திவாரத்திலிருந்தே புறப்பட வேண்டும். மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். சீலிங்கோடு நிறுத்தினால் கம்பளி போர்த்திய கதைதான். ஒரே பில்லரை மட்டும் பெருக்க வைப்பதும் தப்பு. ஆட்டம் அதைத் தேடி வந்து அடிக்கும். இடமிருந்தால் இரண்டு பக்கமும் சமமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பலாம்.

அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் தம்பியைக் கூப்பிட்டு, "மாடிக்குன்னு சேர்த்த பணம் பில்லருக்குப் போகுதுடா. உன் குடித்தனம் எங்களோட இதே வீட்லதான்" என்றார். அவன் தலையாட்டினான். கணக்குப் போட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை அமர்த்தி, மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. செலவழித்த அப்பாவுக்கு அதுதான் பெரிய மனக்குறை!

கடைக்காரருக்கோ வேறு குறை.

"ஐயா, உங்க பில்லர் குண்டாயி என் கடை ஒல்லியாயிடுச்சு. வாடகையில ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க!"

அப்பா சிரித்துக்கொண்டே பில்லரைத் தட்டிக் காட்டினார். "ஆயிரம் குறைச்சுக்கறேன். மீதி ஆயிரம், நீ உள்ளே பயமில்லாம உட்கார்ந்திருக்கிறதுக்கு!"