வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகள்! சியாட்டில் நகரின் குட்டை உடைத்த படம்

பாலத்தின் விளிம்பில் ஒரு பையன் நிற்கிறான். கீழே தண்ணீர். பார்க்கிறவர்கள் 'ஐயோ' என்பதற்குள் ஒரே தாவல். தொபுக்கடீர்!

சாகக் குதித்தவன் அல்ல. சும்மா ஜாலிக்காகக் குதித்தவன். ஆனால் கரையேறிய பிறகு போவதற்கு அவனுக்கு வீடு கிடையாது. அதுதான் சங்கதி.

'ஸ்ட்ரீட்வைஸ்' என்ற அமெரிக்க டாக்குமெண்டரி படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வீட்டை விட்டு ஓடிவந்து நடுத்தெருவில் கிடக்கும் பிள்ளைகளைப் பற்றிய படம். நடிகர், நடிகை யாரும் இல்லை. அத்தனை பேரும் அசல் தெருப்பிள்ளைகள். 1984-ம் ஆண்டு வெளிவந்த இந்தப் படம், 1985-ல் ஆஸ்கார் பரிசுப் போட்டி வரை போனது.

படம் பிறந்த கதை வருமாறு:-

நல்ல பெயர் எடுத்த ஊர்

1983-ம் ஆண்டு 'லைப்' பத்திரிகை, நிருபர் செரில் மெக்காலையும் புகைப்படக்காரர் மேரி எல்லன் மார்க்கையும் சியாட்டில் நகருக்கு அனுப்பியது. மேரி எல்லன் நம் நாட்டுக்கும் வந்தவர்தான். பம்பாய் பாக்லண்டு ரோட்டில் சீரழியும் பெண்களைப் படம் பிடித்து, 1981-ல் புத்தகமாகப் போட்டவர்.

பெரிய நகரங்களில் தெருப்பிள்ளைகள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். சியாட்டிலோ, குடியிருக்க அருமையான ஊர் என்று பெயர் வாங்கிய ஊர். அங்கேயே இந்த லட்சணம் என்றால் மற்ற ஊர்களைக் கேட்கவா வேண்டும்? அதற்காகவே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே பைக் தெரு என்று ஒரு கடைத்தெரு. அந்தத் தெருமுனையில்தான் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தார்கள். ஆபீஸ் போகிறவர்கள், கடைக்காரர்கள், டூரிஸ்டுகள் எல்லோரும் தினசரி அவர்களைத் தாண்டித்தான் போனார்கள். 'சில்லறை இருக்குதா?' என்று கை நீட்டினால் சிலர் போட்டார்கள். பலர் பார்க்காத மாதிரி போனார்கள்.

பத்திரிகையில் கட்டுரை வந்ததோடு விட மனசில்லை மேரி எல்லனுக்கு. கணவர் மார்ட்டின் பெல்லைக் கேமராவோடு கூட்டி வந்தார். பாடகர் வில்லி நெல்சன் பணம் கொடுத்து உதவினார்.

குப்பைத் தொட்டியில் சாப்பாடு

பாலத்திலிருந்து குதித்த பையனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் 'ரேட்'. எலி என்று அர்த்தம். பாழடைந்த ஓட்டல் கட்டடம் ஒன்றில் குடியிருந்தான். வயிற்றுக்கு அவன் செய்த தந்திரம் பலே தந்திரம்!

பீட்சா கடைக்குப் போன் போட்டு, வேறு யாரும் வாங்காத ருசியில் ஆர்டர் கொடுப்பான். வாங்கப் போகமாட்டான். கடைக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவார். அங்கே தயாராக நிற்பான் எலி. சுடச்சுட சாப்பாடு!

சிரிப்பு வருகிறதா? அடுத்த கதையைக் கேட்டால் சிரிப்பு வராது.

'டைனி', அதாவது பொடிசு என்று ஒரு பெண். வயசு 14. ராத்திரியில் கார்க்காரர்களோடு போய்ப் பணம் வாங்கினாள். அம்மா அதே ஊரில்தான் இருந்தாள். ஓட்டலில் பரிமாறும் வேலை, கூடவே குடிப்பழக்கம். மகள் என்ன செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். ஏதோ வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

இந்தப் பிள்ளைகள் ஊர் சுற்றும் ஆசையில் ஓடிவந்தவர்கள் என்று நினைத்தால் தப்பு. குடிகார அப்பா, அடிக்கிற மாற்றான் தகப்பன், ஜெயிலுக்குப் போன பெற்றோர், இரண்டாகப் பிரிந்த குடும்பம். வீட்டைவிடத் தெரு தேவலை என்று வந்தவர்கள்தான் நிறையப் பேர்.

ஓடிப்போன பிள்ளைகளுக்குத் தங்குமிடம் நடத்தப் பணம் கொடுக்க அமெரிக்காவில் 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து 9 வருடம் கழித்துத்தான் இந்தக் கேமரா பைக் தெருவுக்குப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜெயிலில் அப்பா, பாடையில் மகன்

படத்தில் ஒரு ஒல்லிப் பையன் வருகிறான். அப்பா ஜெயிலில். பார்க்கப் போகிறான். வெளியே வந்ததும் அப்பனும் மகனும் சேர்ந்து பிழைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. புத்திமதி சொல்கிறார் அப்பா. கேட்டுக்கொண்டு வருகிறான் மகன்.

1984-ல் அந்தப் பையன் சிறுவர் சீர்திருத்த விடுதியில் தூக்கு மாட்டிக்கொண்டான். மறுநாள் விடிந்தால் அவனுக்கு 17-வது பிறந்தநாள்.

சாவுக்கு ஜெயிலிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம். படம் அதோடு முடிகிறது.

சோகம் அதோடு முடியவில்லை. மற்றப் பெண்களுக்குக் காவலாக நின்ற ஒரு துணிச்சல்காரி 1985-ல் கத்திக்குத்தில் செத்தாள். படத்தில் தலைகாட்டிய இன்னொரு பெண், சியாட்டில் பக்கம் தொடர் கொலைகள் செய்த கேரி ரிட்ஜ்வேயின் கையில் சிக்கி 1987-ல் பலியானாள். அவன் பிடிபட்டதே 2001-ல்தான். 2003-ல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். தெருவில் நின்ற பெண்களைத் தேடமாட்டார்கள் என்பதுதான் அவனுக்கு இருந்த தைரியம்.

'எங்ககூட வந்துடு'

டைனி என்ன ஆனாள்? மேரி எல்லன் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. 'எங்ககூட நியூயார்க் வந்துடு, ஆனா பள்ளிக்கூடம் போகணும்' என்கிற மாதிரி கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் என்றதும் அவள் வரவில்லை. பிறகு போதைப் பழக்கம், வறுமை. 10 பிள்ளைகளுக்குத் தாயானாள். மேரி எல்லன் மட்டும் தொடர்பை விடவில்லை. 2015-ல் சாகும் வரை, 30 வருடத்துக்கு மேல் அவளைப் படம் பிடித்தார். அதை வைத்து மார்ட்டின் பெல் எடுத்த இரண்டாவது படம் 2016-ல் வந்தது.

அதே 2016-ல் சியாட்டில் பொது நூலகம் அந்தப் பழைய புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்தது. படத்தையும் போட்டு, வீடில்லாத பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஊர் ஜனங்களைக் கூப்பிட்டுப் பேச வைத்தது. அதற்கு முந்தைய வருடம்தான், 2015 நவம்பரில், வீடில்லாதவர் பிரச்சினைக்காக நகர மேயர் அவசரநிலை அறிவித்திருந்தார்.

படம் வந்து 30 வருடம் ஆகியும் தெருவில் ஆள் குறையவில்லை. அப்படியானால் படம் எடுத்து என்ன பிரயோஜனம்? பிரயோஜனம் ஒன்று உண்டு. பைக் தெருவில் பார்க்காத மாதிரி தாண்டிப் போனவர்கள், தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து அதே பிள்ளைகளின் முகத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்தார்கள். அதற்கப்புறம் 'எங்களுக்குத் தெரியாதே' என்று அந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது.